இணையக் கடைத்தெருவில் முதலிடம்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்று நம்மவர் சொல்வதுண்டு. மல்லிகையின் மணமே வழிப்போக்கரை நிறுத்திக் கடைக்கு அழைத்துவிடும் என்பது அதன் கருத்து. தெருவில் நடைபெறும் வாணிகத்துக்கு இது பொருந்தும். ஆனால், சென்ற முப்பது ஆண்டுகளில் தோன்றி வளர்ந்துள்ள இணையக் கடைத்தெருவில் மணமும் இல்லை, ஓசையும் இல்லை, வழிப்போக்கரும் இல்லை. அங்கே ஒருவர் தமக்கு வேண்டிய பொருளின் பெயரை எழுதித் தேடுகிறார். தேடுபொறி எனப்படும் கணினி அமைப்பு சில பெயர்களை வரிசையாக அவர் முன் வைக்கிறது. மேலே நிற்கும் இரண்டு மூன்று பெயர்களைப் பார்த்ததும் பெரும்பாலோர் தம் முடிவைச் செய்துவிடுகின்றனர். அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்ட கடை, சரக்கில் எத்துணைச் சிறந்ததாயினும், பூட்டிக் கிடக்கும் கடையையே ஒக்கும்.

அப்படியானால் அந்த வரிசையை வகுப்பவர் யார்? எந்த நீதியைக் கொண்டு வகுக்கிறார்? பணமும் ஆட்பலமும் இல்லாத ஒரு சிறு வணிகர், பெரு நிறுவனங்களுக்கு நடுவே தம் பெயரைத் தேடுவோர் கண்ணில் படச் செய்வது இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமானால் தேடுபொறிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம். ஏனெனில், இன்று சிறு வணிகருக்குச் சொல்லப்படும் ஒவ்வோர் அறிவுரையும் அந்த வரலாற்றில் நிகழ்ந்த ஏதேனும் ஒரு சூழ்ச்சியின், அல்லது அச்சூழ்ச்சியை முறியடித்த ஒரு திருத்தத்தின் எச்சமாகவே இருக்கிறது.

வணிகரின் பெயர்களைத் தொகுத்து வைக்கும் வழக்கம் புதியது அன்று. கல்கத்தாவிலிருந்து வெளிவந்த தாக்கர் நிறுவனத்தின் இந்திய விவரக் கோவையும், சென்னையில் அசைலம் அச்சகம் வெளியிட்டு வந்த பஞ்சாங்க விவரக் கோவையும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இப்பணியைச் செய்தன. பின்னர்த் தொலைபேசி விவரக் கோவைகள் வந்தன. இவற்றில் பெயர்கள் அகரவரிசையில் நின்றன. அகரவரிசைக்கு வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. ஆயினும் அதற்கும் ஒரு குறுக்குவழியை மனிதர் கண்டுபிடித்தனர். மேல்நாடுகளில் தம் கடைப் பெயரின் முன்னே முதலெழுத்தை இரண்டு மூன்று முறை சேர்த்துக்கொண்டு, பட்டியலின் தலைப்பில் போய் நின்றோர் பலர். வரிசை என்று ஒன்று இருக்குமானால் அதில் முந்திக்கொள்ளும் முயற்சியும் உடன் பிறந்துவிடுகிறது.

பட்டியலை வகுப்பவர் யாருக்காக அதை வகுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சென்னையில் வாழ்ந்த ஓர் அறிஞர் தெளிவான விடை கூறியிருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன், 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் நூலகத்துக்கு உரிய ஐந்து விதிகளை வகுத்தார். தேடி வரும் வாசகரின் நேரத்தைச் சேமித்துத் தர வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. பட்டியல் என்பது தேடுவோரின் நன்மைக்காகவே அன்றி, பட்டியலில் இடம்பெறுவோரின் பெருமைக்காக அன்று என்பது இதிலிருந்து கிடைக்கும் நெறி. தேடுபொறிகளின் கதையை இந்த ஒரு நெறியைக் கொண்டே அளந்துவிடலாம்.

1990-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரத்தின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆலன் எம்டேஜ் என்பவர், கணினிகளில் சிதறிக் கிடந்த கோப்புகளின் பெயர்களைத் தேடித் தரும் ஆர்ச்சி என்ற அமைப்பை உருவாக்கினார். அது பெயர்களை மட்டுமே அறியும். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியாது. வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ, தொடக்கத்தில் புதிதாகத் தோன்றிய தளங்களின் பெயர்களைத் தாமே பட்டியலில் சேர்த்து வந்தார். தளங்கள் பெருகியதும் அது இயலாமற் போயிற்று. 1994-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்னும் இருவர் தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினர். யாஹூ என்று பின்னர்ப் பெயர் பெற்றது அதுவே. அதே ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் இயற்றிய வெப்கிராலர், பக்கங்களில் உள்ள சொற்கள் அனைத்தையும் தேடும் ஆற்றலைப் பெற்றிருந்தது. 1995 டிசம்பரில் அல்ட்டாவிஸ்டா வந்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாளில். விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனம் அதை வழங்கியது. அடுத்த ஆண்டிலேயே, உற்பத்தியாளரையும் ஏற்றுமதியாளரையும் இணையத்தில் பட்டியலிடும் இந்தியாமார்ட் நிறுவனத்தைத் தினேஷ் அகர்வால் தொடங்கினார். அதே 1996-இல் மும்பையில் வி. எஸ். எஸ். மணி தொடங்கிய ஜஸ்ட் டயல், இணையம் எட்டாதவர்களுக்கும் பயன்பட்டது. தொலைபேசியில் கேட்டால், வேண்டிய தொழில் செய்வோரின் பெயரையும் எண்ணையும் அங்கிருந்தவர் சொல்லுவார். கணினி வாங்க வகையற்றிருந்த சிறு கடைக்காரரின் பெயரும் இவ்வாறு ஒரு பட்டியலில் ஏறியது.

தேடுபொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இவ்விடத்தில் அறிந்துகொள்ள வேண்டும். அதன் பணி மூன்று வகைப்படும். முதலாவது, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்று, இப்படியே வலை முழுவதும் உலவிப் பக்கங்களைத் திரட்டுவது. இரண்டாவது, திரட்டியவற்றுக்குச் சொல்லடைவு தயாரிப்பது. பழைய இலக்கியங்களுக்குப் புலவர்கள் தொகுத்த சொல்லடைவைப் போலவே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று இது குறித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது, ஒருவர் வினவும்போது அச்சொற்கள் உள்ள பக்கங்களை எடுத்துத் தகுதியின்படி வரிசைப்படுத்துவது. முதல் இரண்டும் உழைப்பு, மூன்றாவது தீர்ப்பு. சிறு வணிகரின் பிழைப்பு இந்தத் தீர்ப்பைச் சார்ந்தே நிற்கிறது.

இத்தீர்ப்புக்கான கணித நெறி இணையத்துக்கு முந்தியது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரார்டு சால்ட்டன் 1960-களிலிருந்தே இத்துறையில் உழைத்தார். கேம்பிரிட்ஜ் அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1972-இல் ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். எங்கும் வருகின்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சில இடங்களில் மட்டுமே வருகின்ற சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்பது அது. மொராதாபாத்தில் பித்தளைப் பொருள் செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ‘தரமான பொருள்கள் கிடைக்கும்’ என்று அப்பட்டறையார் எழுதினால் அதனால் பயன் இல்லை. கோடிக் கணக்கான பக்கங்களில் அதே சொற்கள் உள்ளன. ‘மொராதாபாத் பித்தளைத் தொங்கு விளக்கு, இரண்டு அடி உயரம்’ என்று எழுதினால், அதைத் தேடுபவரும் அதை விற்பவரும் சந்திக்க வழி பிறக்கிறது. பொதுப் புகழ்ச்சியைவிடக் குறிப்பான செய்தியே வலியது என்பதற்கு இதுதான் அடிப்படை.

ஆனால், 1990-களின் தேடுபொறிகள் பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே நம்பின. இதைக் கண்டுகொண்ட சிலர், ஒரே சொல்லை நூறு முறை எழுதினர். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தால் எழுதுவதுபோல், மனிதர் கண்ணுக்குப் படாமலும் கணினிக்கு மட்டும் தெரியும்படியும் சொற்களை மறைத்து வைத்தனர். பக்கத்தின் பின்புலத்தில் குறிச்சொற்களை எழுதுவதற்கென்று ஓர் இடம் இருந்தது. அங்கே தமக்குத் தொடர்பே இல்லாத சொற்களையும் குவித்தனர். விளைவாகத் தேடுவோர்க்கு ஒன்றைக் கேட்டால் வேறொன்று கிடைத்தது. பிற்காலத்தில், 2009 செப்டம்பரில், அந்தக் குறிச்சொற்களை வரிசைப்படுத்தத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது சான்றாகாது என்ற பழைய உண்மையைக் கணினி உலகமும் கற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் வேறு எது சான்று? பிறர் சொல்வதே சான்று என்றனர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பின்வந்த அறிஞர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்று எண்ணி அதன் மதிப்பை அறியும் முறையை யூஜீன் கார்ஃபீல்டு முன்பே வழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதைப்போலவே, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை ஒரு வாக்காக எண்ணலாம். மதிப்புடையவர் தரும் வாக்குக்கு எடை அதிகம். இந்த முறையை விளக்கிய ஆய்வுரையில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர், ஜம்முவில் பிறந்து கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பேராசிரியர் ராஜீவ் மோத்வானி. 1998 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் பதிவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் அதில் சேர்ந்து, வரிசைப்படுத்தும் விதிகளைத் திருத்தி எழுதிப் பல்லாண்டு அப்பணிக்குத் தலைமை ஏற்றவர், ஜான்சி நகரில் பிறந்து சால்ட்டனிடம் பயின்ற அமித் சிங்கால்.

பிறர் வாக்கே அளவுகோல் ஆனதும் வாக்கை விலைக்கு வாங்கும் வாணிகம் தொடங்கிற்று. ஒன்றையொன்று புகழ்ந்துகொள்ளும் போலித் தளங்கள் நூற்றுக் கணக்கில் எழுந்தன. இவற்றை அகற்றக் கூகுள் 2003 நவம்பரில் செய்த ஒரு திருத்தம் இன்றும் பேசப்படுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம் நெருங்கியிருந்த வேளையில், மேல்நாட்டுச் சிறு கடைக்காரர் பலர் ஒரே இரவில் பட்டியலிலிருந்து மறைந்துபோயினர். சூழ்ச்சி செய்தவரோடு, செய்யாத சிலரும் அடிபட்டனர். முறையீடு செய்ய அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. தம் கையில் இல்லாத ஒரு கதவையே முழுவதும் நம்பிக் கடை நடத்துவதன் அபாயத்தை அந்த நவம்பர் மாதம் காட்டிற்று.

பெரியவர்களும் தப்பவில்லை. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ மோட்டார் நிறுவனத்தின் தளம், கணினிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டிய காரணத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, திருத்திக்கொண்டபின் சேர்க்கப்பட்டது. 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்னும் பெரும் பல்பொருள் அங்காடிக்காக, தொடர்பற்ற தளங்களில் விலைக்கு இணைப்புகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. அதன் பின் அந்த அங்காடி வரிசையில் கீழே இறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாண்டா என்ற திருத்தம் சாரமற்ற பக்கங்களையும், 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற திருத்தம் போலி இணைப்புகளையும் ஒடுக்கின. இவை போன்ற நடவடிக்கைகளில் ஒரு வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். பெரு நிறுவனம் சில நாட்களிலோ சில மாதங்களிலோ மீண்டு எழுகிறது. அதற்கு வேறு வருவாய் உண்டு. சிறு வணிகர் வீழ்ந்தால் மீள்வது கடினம்.

இனி, விளம்பரத்தின் கதைக்கு வருவோம். 1998-இல் கோட்டூ என்ற அமெரிக்கத் தேடுபொறி, எந்தச் சொல்லுக்கு எவர் அதிக விலை தருகிறாரோ அவருக்கே முதலிடம் என்று ஏலம் விடத் தொடங்கிற்று. அதே ஆண்டில், பேஜும் பிரின்னும் தம் ஆய்வுக் கட்டுரையில், விளம்பரப் பணத்தால் வாழும் தேடுபொறி தேடுவோர் பக்கம் நில்லாமல் விளம்பரம் தருவோர் பக்கம் சாய்ந்துவிடும் என்று எச்சரித்திருந்தனர். அந்த இருவரின் நிறுவனமே 2000-ஆம் ஆண்டில் விளம்பர விற்பனையில் இறங்கியது! எனினும் விளம்பரத்தை ஒருபுறமும், இயல்பாகக் கிடைத்த விடைகளை மற்றொருபுறமும் பிரித்துக் காட்டியது. விளம்பரம் எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வாணிக ஆணையம் 2002-இல் தேடுபொறிகளுக்குக் கடிதம் எழுதியது. விளம்பர இடத்தை வாங்கலாம். இயல்பான வரிசையில் இடத்தை வாங்க முடியாது. இந்த வேறுபாட்டை அறியாத சிறு வணிகர்தாம், ‘முதலிடத்துக்கு உத்தரவாதம்’ என்று கூறிவரும் தரகரிடம் பணத்தை இழக்கிறார். அத்தகைய உத்தரவாதத்தை எவராலும் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது.

நம் நாட்டு மொழிகளுக்கு வேறொரு தடையும் இருந்தது. 1990-களிலும் அதன் பின்னரும் தமிழ், இந்தி முதலிய மொழிகளில் தளம் அமைத்தோர் ஆளுக்கொரு எழுத்துருவைப் பயன்படுத்தினர். திரையில் அது தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாகவே இருந்தது, சொல்லடைவில் ஏறவில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்ட போதிலும், வழக்கத்தில் பரவ நெடுநாள் ஆயிற்று. தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது 2010-ஆம் ஆண்டில். இன்றும், விலைப்பட்டியலைப் படமாக எடுத்து ஒட்டிவிட்டு, அதை எழுத்தாக எழுதாமல் விட்டுவிடும் கடைக்காரர் பலர். கணினி நன்றாகப் படித்தறிவது எழுத்தையே. அதே செய்தியை வாங்குவோர் பேசும் மொழியில் நான்கு வரி எழுதி வைத்தால், அது மறைந்து கிடந்த பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டியதற்குச் சமம்.

சிறு வணிகருக்கு மெய்யான வாய்ப்பைத் தந்தது நிலப்படம்தான். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் தேடுபொறிகள் ஊர்வாரியாகவும் விடை தரத் தொடங்கின. கடைக்காரர் தம் இடத்தையும் நேரத்தையும் தாமே பதிவு செய்துகொள்ளும் வசதி வளர்ந்து, 2014-இல் ஒரே அமைப்பாயிற்று. 2015 ஏப்ரலில், கைப்பேசியில் படிக்க ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் வந்தபின், இந்தியாவில் கைப்பேசி இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. சிற்றூர்களிலும் மக்கள் தேடலாயினர். அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது கேள்விக்குப் பொருத்தம், தூரம், நற்பெயர் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் கூறுகிறது. இவற்றுள் தூரத்தை எந்தப் பெரு நிறுவனமும் விலைக்கு வாங்க இயலாது. தெருமுனையில் மிதிவண்டி பழுதுபார்ப்பவர், தம் தெருவில் இருப்பவருக்கு உலகப் பெரு நிறுவனத்தைவிட அண்மையில் இருக்கிறார் அல்லவா? நற்பெயரோ வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகளாலும் அமைகிறது. அதிலும் போலிகள் புகுந்ததால், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது.

வரிசையை வகுப்பவர் ஒருவராகவே இருப்பின் என்ன ஆகும் என்ற கேள்வி இப்போது நீதிமன்றங்களின் முன் நிற்கிறது. சென்னையைச் சேர்ந்த ஒரு திருமணத் தகவல் நிறுவனமும் ஜெய்ப்பூரைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் சங்கமும் செய்த முறையீட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஐரோப்பிய ஆணையம் 2017-இல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது. அதற்கு முந்தைய மாதத்தில், தேடல் துறையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அவர் குஜராத்தின் பாட்டன் நகரில் பிறந்தவர்.

சிறு வணிகர் அறிய வேண்டிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 2017-இல் கூகுள், சிறு கடைகளுக்கு இலவசமாக எளிய தளங்கள் அமைத்துத் தந்தது. பலர் மகிழ்ந்து ஏற்றனர். 2024 மார்ச்சில் அத்தளங்கள் அனைத்தும் மூடப்பட்டன. பிறர் நிலத்தில் கட்டிய பந்தல், நிலத்துக்கு உரியவர் எழுந்திரு என்றால் எழுந்துவிட வேண்டியதுதான். அதே 2024-இல், ஆகஸ்டு மாதம் முதல், கேட்ட கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு தானே விடை எழுதித் தரும் முறையும் நம் நாட்டுக்கு வந்துவிட்டது. தேடுபவர் கடைக்காரரின் பக்கத்தைத் திறவாமலே திரும்பிவிடக்கூடும். ஆயினும், அந்த விடைக்கு ஆதாரமாக அமைவதும் எவரோ ஒருவர் தெளிவாக எழுதி வைத்த பக்கமே.

நேயர்களே, இவ்வரலாறு சிறு வணிகருக்குக் கூறும் பாடம் சுருக்கமானது. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவை எங்கும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் இருக்கட்டும். அதில் அளவும் விலையும் செய்முறையும், வாங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு விடையும் எழுதப்பட்டிருக்கட்டும். கைப்பேசியில் விரைவில் திறக்கட்டும். மதிப்புரையை விலைக்கு வாங்காமல், மனநிறைவு பெற்ற வாடிக்கையாளரைக் கேட்டுப் பெறுங்கள். தளத்தின் பெயர் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கட்டும். தேடுபொறி ஒன்றை மட்டும் நம்பாமல், வந்த வாடிக்கையாளரின் தொடர்பைப் பேணி வாருங்கள்.

சொற்களைக் குவித்தவரும், இணைப்பை வாங்கியவரும், இரு முகம் காட்டியவரும் தத்தம் காலத்தில் முதலிடம் பெற்றனர். அந்தக் காலம் முடிந்ததும் அது பறிபோயிற்று. தேடி வருபவரின் நேரத்தை வீணாக்காமல், கேட்டதற்கு நேரான விடையை எழுதி வைத்தவரின் பக்கத்துக்கு எந்தத் திருத்தத்தின் பின்னும் இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. அவரைக் காட்டத் தவறும் தேடுபொறி தன் கடமையில் தவறியதாகும். அதைத் தட்டிக் கேட்கும் சட்டமும் ஆணையமும் விழிப்புடன் இருக்க வேண்டியது நாட்டின் பொறுப்பு. வணிகர் நேர்மையுடன் எழுதுவதும், வரிசையை வகுப்பவர் நேர்மையுடன் வகுப்பதும் ஒருங்கே நிகழுமானால், இணையக் கடைத்தெருவிலும் பூவின் மணம் வீசும்.